சொட்டு அண்ணனும் முப்பத்தாறு அயிட்டமும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாத ஆளைக்கூட நான் பார்த்திருக்கிறேன். சொட்டு அண்ணன் சுற்றிப் பார்க்காத வண்டியை இதுவரை பார்த்ததில்லை. சக்கரம் என்று ஒன்று இருந்து, அது தரையில் நின்றால் போதும். வண்டி யாருடையது, எங்கே போகிறது, இவரை யாராவது கூப்பிட்டார்களா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் தரையைப் பார்ப்பார். ஈரமாக எதுவும் இருந்தால் விரலால் தொட்டு முகர்ந்து, "இது தண்ணி", "இது டீசல்", "இது இஞ்சின் ஆயிலு, கேசு கொஞ்சம் சீரியஸு" என்று டாக்டர் மாதிரி சொல்வார். பெயர் வந்த காரணம் அதுதான். அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் அதைப் படித்திருப்பவர் ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அவரோடு பஸ்ஸில் கிளம்பிய அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. நான் ஏறி, சீட்டுப் பிடித்து, பக்கத்தில் அவருக்கும் துண்டு போட்டுவிட்டேன். ஆளைக் காணோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்துப்போன கண்டக்டர் இறங்கி வந்தார்.

"யோவ், ஏறப் போறியா, இல்ல வண்டிய வெலைக்கு வாங்கப் போறியா?"

"உள் டயருல காத்து கம்மியா கீது."

"அப்படியா? நீ ஏறாத, வெயிட்டு கம்மியாவட்டும். ரைட், போலாம்!"

நான் மட்டும் கல்யாணத்துக்குப் போனேன். சொட்டு அண்ணன் அடுத்த பஸ்ஸில் வந்தார். அதாவது, அடுத்த பஸ்ஸையும் பார்த்து முடித்துவிட்டு வந்தார். அதற்குள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் ஏற்றுகிற டெம்போ ஒன்று வாசலில் நின்றது. அவர் வந்ததற்கு அது ஒரு பலன்.

இதுகூடப் பரவாயில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். பூப்போட்ட வண்டி, மேளம், பட்டாசு எல்லாம் தயார். நாலு பேர் தூக்கி ஏற்றிவிட்டார்கள். வண்டி நகரப்போகிற நேரத்தில் சொட்டு அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"ஸ்டெப்னி எங்கப்பா?"

வண்டிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "அண்ணா, இது சுடுகாட்டுக்குப் போற வண்டி. ஒன்வேதான்."

"அவருக்கு ஒன்வே. நீ திரும்பி வரணும் இல்ல?"

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் யோசித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவருடைய வீட்டுக்காரம்மா மல்லிகா அண்ணியைக் கேட்டால் இதைவிடப் பழைய கதை வரும். "பொண்ணு பாக்க வந்தாரு தம்பி. நான் காப்பித் தட்ட எடுத்துக்கினு நிக்கறேன். இவரு என் மொகத்தப் பாக்கவே இல்ல. வெளிய எங்க அப்பா டிராக்டருகிட்ட குனிஞ்சிக்கினு கீறாரு. உள்ள வந்து 'எனக்குச் சம்மதம்'னாரு. எதுக்குச் சம்மதம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினார். நெல், மணிலாக்கொட்டை, செங்கல் என்று ஏற்றாத லோடு இல்லை. ஒரு நாள்கூட அவர் வண்டி நடு ரோட்டில் நின்றதில்லை. ஒரு நாள்கூட நேரத்துக்குக் கிளம்பியதும் இல்லை. அந்த இருபத்திரண்டு வருஷமும் பாதிச் சாப்பாடு ரோட்டோர ஓட்டலில், பாதித் தூக்கம் கேபினில். ஒரு நாள் ஓனர் லாரியை விற்றுவிட்டார். சொட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே ஒரு பால் டேங்கர் கம்பெனியில் டிரைவர் எடுப்பதாகச் செய்தி வந்தது. விடியற்காலை போனால் சாயங்காலம் வீடு. மாதச் சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்திரிச் சாப்பாடு வீட்டில். அண்ணி அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல சேந்து உக்காந்து சாப்ட்டது எண்ணி எடுத்துடலாம். இந்த வேலை மட்டும் கெடைக்கட்டும், நான் வேற எதுவும் கேக்கல."

கிடைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனியில் ஓட்டச் சொல்லிப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு பரீட்சை வைப்பார்கள். வண்டியை எடுப்பதற்கு முன் அதைச் சுற்றி வந்து முப்பத்தாறு அயிட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, பெயர் சொல்லி, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அரை மணி நேரம். முப்பத்தாறும் முடிக்க வேண்டும். ஒருத்தருக்கு மூன்று வாய்ப்பு, அதற்கு மேல் கிடையாது.

இதைக் கேட்டதும் ஊரே சிரித்தது. வாத்தியாருக்கு அ, ஆ பரீட்சை வைப்பது மாதிரி என்றார்கள். சொட்டு அண்ணன் போனார், ஃபெயில். மறுபடி போனார், மறுபடி ஃபெயில்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்று கேட்டேன்.

"மொத தபா நாலாவது அயிட்டத்துல பெல் அடிச்சிட்டாங்க தம்பி."

"ரெண்டாவது தபா?"

"மூணாவது அயிட்டத்துல."

அவருக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தது ஜாஸ்தி. டிரைவர் கதவில் இருக்கிற கீல் ஒன்றுக்கே ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவையும் அவர் கதவைத் தாண்டவே இல்லை. மீதி இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

இந்த இடத்தில் நான் வருகிறேன். வேங்கிக்காலில் ஆபீஸ்களுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து, நன்றாக நஷ்டப்பட்டு, மெஷினோடு வீட்டுக்கு வந்தவன். சின்ன வயதில் வீறாப்பாக எடுத்த ஹெவி லைசென்ஸ் கையில் இருந்ததால் நாலு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். வண்டியைப் பற்றிய என் மொத்த அறிவு: சாவியைத் திருப்பினால் ஓடும், ஓடாவிட்டால் யாரையாவது கூப்பிட வேண்டும். நாற்பத்தேழு வயதில் எனக்கும் அந்த டேங்கர் வேலையில் ஒரு கண் விழுந்தது.

ஆக, முப்பத்தாறும் தெரிந்தும் அரை மணியில் முடிக்க முடியாத ஒருத்தர். அரை நிமிஷத்தில் முடித்துவிடக்கூடிய, ஆனால் ஒன்றும் தெரியாத ஒருத்தன். இரண்டு பேரும் சேர்ந்து படிப்பதென்று முடிவானது. கம்பெனியில் கொடுத்த ஃபார்மை என் மெஷினிலேயே ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் போட்டேன். அவர் ஒரிஜினலைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

படிக்க லாரி இல்லை. அவர் வீட்டு முற்றத்தில் கட்டில் ஒன்று கிடந்தது. அதுதான் டேங்கர். நாலு மூலைக்கும் நாலு குடம், டயர். தலைமாட்டில் கவிழ்த்துப் போட்ட அண்டா, இஞ்சின். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து குடத்தைத் தொட்டு, "டயர், நல்லா கீது" என்று சொல்வதைத் தெருவில் போகிறவர்கள் முதல் நாள் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் மல்லிகா அண்ணியிடம் துக்கம் விசாரித்தார்கள்.

எனக்குப் பத்துக்கு மேல் மண்டையில் ஏறவில்லை. ஏறின பத்தும் வரிசை மாறிப்போனது. மூன்றாம் நாள் சொட்டு அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"தம்பி, கிரிவலத்துல எட்டு லிங்கம் வரிசையா சொல்லு."

"இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம்."

"இது மட்டும் எப்டி வருது?"

"பொறந்ததுலேர்ந்து நடக்கறேன் இல்ல!"

"அவ்ளோதான். வண்டி வடக்கு பாத்து நிக்குதுன்னு வெச்சுக்க. கெழக்கால டிரைவர் கதவு, இந்திர லிங்கம். அங்கேர்ந்து வலமா வா. பின்மூலைல தீயணைக்கற சிலிண்டரு, வலப் பக்கத்துப் பின்டயரு, வீல் நட்டு: அக்னி. நேர் பின்னால பிரேக் லைட்டு. அது எரியலன்னா பின்னாடி வர்றவனுக்கு யாரு?"

"எமன்."

"பாத்தியா! இடப் பக்கம் பின்டயரு நிருதி. நடுவுல பால் வால்வு. ஒழுவற சமாச்சாரம், அதால வருணன். முன்மூலைல காத்து டேங்கு, வாயு. முன்னால ரேடியேட்டரு, இஞ்சினு. வெலை ஜாஸ்தி, குபேரன். கடைசியா கேபினுக்குள்ள ஏறி உக்காந்தா ஈசான்யம். முடிஞ்சிது."

ஒரு லிங்கத்துக்கு நாலைந்து அயிட்டம். எனக்கு அன்றைக்கே முப்பத்தாறும் வந்துவிட்டது. என் படிப்பு வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் இல்லை.

அவருடைய வேகத்துக்கு மருந்து நான் கண்டுபிடித்தேன். "அண்ணா, பௌர்ணமி அன்னிக்கு ஒரு லிங்கத்துல எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"கூட்டம் தள்ளுது, எங்க நிக்கறது? கற்பூரத்தத் தொட்டு கண்ணுல ஒத்திக்கினா அவ்ளோதான்."

"அதே மாதிரி தொடுங்க, நகருங்க. பின்னாடி ஆயிரம் பேர் தள்றாங்க."

ஆயிரம் பேருக்குப் பதிலாக நான் பின்னால் நின்று தள்ளினேன். முதல் நாள் கட்டிலைச் சுற்ற ஒன்றே முக்கால் மணி நேரம். அப்புறம் ஒரு மணி. அப்புறம் நாற்பது நிமிஷம். ஒரு தடவை பாதியில் வாயு லிங்கத்துக்கு வந்தால் முன்டயரைக் காணோம். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று அண்ணி குடத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"மல்லிகா! ஓடற வண்டிலேர்ந்து டயர கழட்டினு போறியே!"

"ஓடற வண்டிக்கு மூணு டயரு போதும். எனக்கு சோறாக்க தண்ணி வேணும்."

பரீட்சைக்கு முந்தின நாள் இருபத்தாறு நிமிஷத்தில் முடித்தார். அண்ணி கட்டிலுக்கே கற்பூரம் காட்டிவிட்டார்கள்.

பரீட்சை நடத்துகிறவர் ஒரு பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் அட்டை, போனில் ஸ்டாப்வாட்ச். எல்லாரையும் மரியாதையாக "சார்" என்றுதான் கூப்பிட்டார். அப்படி மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் டிரைவர் கதவைத் தொட்டேன், சொன்னேன். வலமாகப் பின்பக்கம் பார்த்து நடந்தேன்.

"சார், சார்! எங்க போறீங்க?"

"அக்னி..." என்று ஆரம்பித்து, "சிலிண்டர் பாக்க மேடம்" என்று முடித்தேன்.

"ஃபார்ம் வரிசைலதான சார் போகணும்? கதவு முடிஞ்சா கேபின், அப்புறம் முன்பக்கம், இடது பக்கம், பின்பக்கம், கடைசிலதான் வலது பக்கம். கடைசி வரில தெளிவா போட்டிருக்கே?"

நான் சட்டைப் பையிலிருந்து என் காப்பியை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே இல்லை. மேடத்தின் அட்டையை எட்டிப் பார்த்தேன். இருந்தது. என் மெஷினுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் போட்டாலும் அடியில் ஒரு விரல் அகலம் விழாது. கடை வைத்திருந்தபோது ஜனங்கள் ஏன் எதிர்க்கடைக்குப் போனார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. அதுவரை நான் காலம் மாறிப்போனதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வரிசை மாறினால் என்ன, இந்தப் பக்கம் போகிறவன் அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டு வாசல் கிரிவலப் பாதையில் திறக்கிறது. பௌர்ணமி அன்றைக்குக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இரண்டு கடை தள்ளிப் பால் வாங்க, பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிப் போனவன் நான். இடமாகச் சுற்று என்றால் என் கால் என்னைக் கேட்காது.

வரிசையில் நின்ற சொட்டு அண்ணன் உதவிக்கு வந்தார். "மேடம், வண்டிய தெக்கு பாத்து திருப்பி நிறுத்தினா?"

மேடம் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். "அப்பவும் அதேதான் சார் வரும்."

"ரிவர்ஸ்ல நிறுத்தினா மேடம்?" என்றேன் நான்.

"சார், உங்க டைம் ஓடிட்டு இருக்கு."

ஓடியது. முன்பக்கம் போனேன். குபேரனுக்கு அப்புறம் வாயு என்று மனதுக்குள் பின்னாலிருந்து சொல்ல ஆரம்பித்து, எங்கேயோ வழுக்கி, வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன்.

"என்ன சார் சொன்னீங்க? எம லிங்கமா?"

"பிரேக் லைட்டு மேடம்."

அவர் அட்டையில் ஏதோ எழுதினார். பாராட்டாக இருக்க வாய்ப்பில்லை. பத்தொன்பதாவது அயிட்டத்தில் பெல் அடித்தது. எனக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு இருந்தது. என் கவலையெல்லாம் அடுத்து நின்றவரைப் பற்றித்தான். அவருக்கு இதுதான் கடைசி. அந்தக் கடைசி வரியை விழுங்கியது என் மெஷின்.

சொட்டு அண்ணன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பித்தது. அவர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரல்விட்டு, எட்டையும் பின்னாலிருந்து எண்ணினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நான் அங்கிருந்து எதுவும் சொல்லக் கூடாது. சொல்லவும் ஒன்றுமில்லை. நாலாவது நிமிஷம் கண்ணைத் திறந்தார். கிரிவலம் மாதிரியே கட்டிலையும் வெறுங்காலோடுதான் சுற்றிப் பழகியிருந்தார். அன்றைக்கும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அதைப் போய் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் சார்?" என்றார் மேடம்.

"இது சாமி சுத்து இல்ல மேடம், கம்பெனி சுத்து. செருப்பு போட்டுக்கினா கால் கொழம்பாது."

போனார் பாருங்கள். கதவு, கண்ணாடி, ஸ்டியரிங், பிரேக். இறங்கி முன்பக்கம். ரேடியேட்டர், பெல்ட், விளக்கு. தொட்டார், சொன்னார், நகர்ந்தார். இடப் பக்கம் வால்வுக்குக் கீழே ஒரு நொடி குனிந்தபோது எனக்கு உயிர் போய் வந்தது. நிமிர்ந்துவிட்டார். எமனைத் தாண்டினார். மேடம் அட்டையில் டிக் போட்டுக்கொண்டே ஓட வேண்டியிருந்தது. வலப் பக்கம் பின்டயருக்கு வந்தபோது முப்பத்தைந்து முடிந்திருந்தது. மீதி ஒன்று, வீல் நட்டு. இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. தொட்டு, "வீல் நட்டு, நல்லா கீது" என்று நாலு வார்த்தை சொன்னால் முடிந்தது. ராத்திரிச் சாப்பாடு வீட்டில்.

தொட்டார். சொல்லவில்லை. குனிந்தார்.

"அண்ணா, சொல்லுங்கண்ணா!" நான் கத்திவிட்டேன்.

"இரு தம்பி. இந்த நட்டு மேல துரு வழிஞ்சிருக்கு பாரு, கோடு மாதிரி. துரு வழிஞ்சா உள்ள ஆடுதுன்னு அர்த்தம்."

"முப்பது செகண்டு சார்" என்றார் மேடம்.

"ஒரு ஸ்பேனரு குடுங்க மேடம்."

"சார், நல்லா இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும். இல்லன்னா காரணம் எழுதணும்."

"பாக்காம எப்டி மேடம் சொல்றது?" என்று சொல்லிவிட்டு ஆள் டயருக்குப் பின்னால் போய்விட்டார். பெல் அடித்தபோது அவருடைய கால் இரண்டு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

கையெல்லாம் கருப்பாக வெளியே வந்தார். மேடம் அட்டையைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார். சொட்டு அண்ணன்தான் முதலில் பேசினார்.

"எனக்கு ஃபெயில் போட்டுக்கங்க மேடம். வண்டிய மட்டும் அனுப்பாதீங்க."

ஃபெயில் போட்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் நான் ஒப்புக்கொண்டேன். "அண்ணா, ஜெராக்ஸ்ல கடைசி வரி விழுந்திருந்தா அந்த நாலு நிமிஷம் மிச்சம் ஆயிருக்கும். தப்பு என்னுது."

அவர் கைக் கருப்பை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே வந்தார். "நாலு நிமிஷம் ஜாஸ்தி இருந்தா நாலு நட்டு ஜாஸ்தி பாத்திருப்பேன். பெல்லு அப்பவும்தான் அடிச்சிருக்கும். வா."

வீட்டு வாசலில் அண்ணி காத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா ஆச்சு?"

"நட்டு லூசு" என்றார் அண்ணன்.

"அது எனக்கு கல்யாணத்தன்னிக்கே தெரியும். வேலை இன்னா ஆச்சு?"

நான் சொன்னேன். அண்ணி உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்கள், எனக்கும் சேர்த்து. வெளியூர் லோடுக்கு ஆள் தேவையா என்று மறுநாள் காலையில் அண்ணன் யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கேட்காதது மாதிரி மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மேடம் அண்ணனுக்குப் போன் செய்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே இரண்டு போல்ட் விரிசல் விட்டிருந்ததாம். அந்த டேங்கர் பரீட்சைக்கு மறுநாள் மலைப்பாதையில் போக வேண்டியது.

"டிரைவர் வேலைக்கு மூணு தடவைதான் சார், ரூலை மாத்த முடியாது. ஆனா கேட்டுல நின்னு தினம் வண்டிங்கள செக் பண்ற வேலைக்கு ஒரு ஆள் வேணும்ங்கறாங்க. அதுக்குப் பரீட்சை கிடையாது."

"ஏன் மேடம்?"

"அந்த வேலையே முந்தாநேத்துதான் சார் உண்டாச்சு."

கதை இங்கே முடிந்திருந்தால் கம்பெனிக்கு நிம்மதி. முதல் நாள் சொட்டு அண்ணன் ஒரே ஒரு டேங்கரை மத்தியானம் வரை பார்த்தார். பின்னால் ஏழு டேங்கர் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. இரண்டாம் நாளும் அதே கதை. "ஐயா, நாங்க பால் கம்பெனி, தயிர் கம்பெனி இல்ல" என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டாராம். கடைசியில் வண்டிக்கு இருபது நிமிஷம் என்று ஒப்பந்தமாகி, விடியற்காலையில் போய் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ராத்திரி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "தம்பி, இவருக்கு எதுனா வெளியூர் லோடு இருந்தா சொல்லேன். குக்கர அடுப்புல வெக்கறதுக்கு மின்னாடி சுத்திச் சுத்தி வந்து பாக்கறாரு."

நான் இரண்டாவது வாய்ப்பில், செருப்புப் போட்டுக்கொண்டு, பாஸாகிவிட்டேன். இப்போது அதே கம்பெனியில் ஒரு டேங்கர் ஓட்டுகிறேன். தினமும் காலையில் கேட்டில் அவர் என் வண்டியைச் சுற்றி வரும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு முணுமுணுப்பேன். "இருபது நிமிஷம் ஆச்சுண்ணா." "இரு தம்பி." "இருபத்திரண்டு ஆச்சுண்ணா." "இருன்றேன் இல்ல."

போன மாதம் ஒரு நாள் கேட்டில் அவரைக் காணோம். காய்ச்சல் என்றார்கள். கேட் திறந்தே இருந்தது. வேறு யாரோ ஒருத்தர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நேரத்துக்குக் கிளம்பினேன். ஜன்னலில் குளிர்ந்த காற்று, முன்னால் காலி ரோடு. ராஜா மாதிரி போயிருக்க வேண்டியது. கீழ்பென்னாத்தூர் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வண்டியில் இல்லாத சத்தமெல்லாம் கேட்டது. ஓரம் கட்டிவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, இன்னிக்கு என் வண்டிய யாரும் பாக்கல."

இருமிக்கொண்டே கேட்டார். "எங்க நிக்கற?"

சொன்னேன்.

"எறங்கு. ஒரு ஸ்பேனர எடுத்துக்க. போன டயருகிட்ட வெச்சு ஒவ்வொண்ணா தட்டு. நான் கேக்கறேன்."

பத்து டயரையும் தட்டினேன். படுத்த இடத்திலிருந்து பத்தையும் கேட்டார். ஆறாவதை மட்டும் இன்னொரு தடவை தட்டச் சொன்னார். ரோட்டில் போனவர்கள் டயருக்குப் போன் பேசக் கொடுக்கிறவனை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

"சரி தம்பி. நல்லா கீது. கெளம்பு."

நான் கிளம்பவில்லை. எத்தனை டிகிரி இருக்கிறது, டாக்டரைப் பார்த்தாரா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, காலையில் கஞ்சி குடித்தாரா, எவ்வளவு குடித்தார், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் கீதுடா, போடா" என்றார். அவர் சொன்னதை அப்படியே நம்பாமல் போனை அண்ணியிடம் கொடுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்டு முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். அன்றைக்குப் பால் ஒரு மணி நேரம் லேட்.